கண்கெட்ட பின்னர் கதிரவன் வணக்கம்

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில், தமிழர் வாழும் நகரங்களில் மண்டபங்கள் களைகட்டத் தொடங்கிவிடும். குத்துவிளக்கு ஏற்றப்படும், தமிழ் வாழ்த்துப் பாடப்படும், தலைவர் உரையாற்றுவார், எட்டு ஏ, ஒன்பது ஏ பெற்ற மாணவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். மாலையும் பொன்னாடையும் மாதிரிக் காசோலையும் கைமாறும். கல்வியால் உயர விழையும் ஓர் இனம் தன் பிள்ளைகளுக்கு எடுக்கும் விழா அது. அதனைக் குறை கூறுவார் யாரும் இலர்.

ஆயின், அந்த மேடைக்கு வரும் வழியிலேயே நின்றுவிடும் மாணவர் சிலர் உளர். அவர்கள் சோம்பேறிகளும் அல்லர். அறிவிற் குறைந்தவர்களும் அல்லர். அரிய வளர்சிதை மாற்ற நோய்களோடு பிறந்து, உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி எண்ணி உண்டு, அதற்கிடையே பாடமும் படிப்பவர்கள் அவர்கள். தொகையில் மிகச் சிலர். கூட்டம் கூட்டிக் குரல் எழுப்பும் அளவுக்கு ஓரூரில் இருவர் இருப்பதும் அரிது. ஆகவே அவர்களைப் பற்றி மேடைகளில் பேச்சில்லை. உபகாரச் சம்பளப் படிவங்களில் அவர்களுக்கென ஒரு வரியும் இல்லை.

இந்தப் புறக்கணிப்பு வன்மத்தால் நேர்ந்ததன்று, சிந்தியாமையால் நேர்ந்தது. எனினும் அதன் விளைவு வன்மத்தின் விளைவினும் கொடிது. ஏனெனில், இன்றுள்ள உதவி முறை அந்த மாணவனை நோக்கி மறைமுகமாகக் கூறுவது இதுவே: 'நலமாய் இருக்கும்வரை உனக்கு உதவியில்லை, கெட்டபின் வா, பார்க்கலாம்.' கண்கெட்ட பின்னர்க் கதிரவனை வணங்கும் கதை என்று முன்னோர் நகைத்தது இதனைத்தான்.

நோயின் இயல்பு

உண்ட உணவு உடலில் பல படிகளாக மாற்றமுற்றே ஆற்றலாகவும் தசையாகவும் குருதியாகவும் ஆகிறது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்திவைக்கிறது. பிறப்பிலேயே ஒரு நொதி இல்லாதொழியின், அந்தப் படியில் பொருள் தேங்கும், தேங்கியது நஞ்சாகும், அல்லது அதற்கப்பால் கிடைக்கவேண்டியது கிடைக்காமற் போகும். இவற்றையே வளர்சிதை மாற்றப் பிறவிக் குறைகள் என்று மருத்துவம் வழங்குகிறது. இக்கருத்தை முதன்முதலில் தெளிவுற விளக்கியவர் ஆர்ச்சிபால்ட் கேரட் என்னும் ஆங்கில மருத்துவர். 1902ஆம் ஆண்டிலேயே அவர் இத்தகைய குறையொன்றை ஆராய்ந்து, அது பெற்றோர் வழி வருவதென்றும், நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுவதென்றும் எடுத்துக்காட்டினார்.

இக்குறைகளுள் நன்கு அறியப்பட்டது பினைல்கீட்டோனூரியா. 1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி, மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, காரணம் கூறுவாரைத் தேடி அலைந்தாள். அவள் கேள்வியைத் தட்டிக்கழிக்காது ஏற்றவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவர். பினைலலனின் என்னும் அமினோ அமிலத்தை அப்பிள்ளைகளின் உடல் மாற்றவியலாமல் தேக்கிவைக்கிறது என்று அவர் கண்டார். நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 'நல்ல நிலம்' என்னும் புதினத்தின் ஆசிரியையும் 1938இல் நோபல் பரிசு பெற்றவருமான பெர்ள் பக் அம்மையாரின் மகளுக்கும் இதே நோய். உலகப் புகழும் பொருளும் இருந்தும் அந்தத் தாயால் மகளின் அறிவைக் காக்க முடியவில்லை. காக்கும் வழி அன்று உலகில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வழி பிறந்தது 1950களின் தொடக்கத்தில். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கல் என்பவரும் அவருடைய தோழர்களும், பினைலலனின் மிகக் குறைந்த உணவை ஒரு பெண்குழந்தைக்குக் கொடுத்து அவள் நிலை தேறியதைக் கண்டு 1953இல் வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டில் ராபர்ட் கத்ரி என்னும் அமெரிக்கர், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியைக்கொண்டே இந்நோயைக் கண்டறியும் எளிய சோதனையை அமைத்தார். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அச்சோதனையைச் சட்டமாக்கியது. பிறந்த சில நாள்களிலேயே கண்டறிந்து, உணவைக் கட்டுப்படுத்தினால் அந்தக் குழந்தை ஏனைய குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும், பட்டமும் பெறும்.

இவ்வரலாற்றில் தமிழாசிரியர்கள் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஒரே மரபணுக் குறையோடு பிறந்த இரு குழந்தைகளுள் ஒன்று தன் பெயரையும் எழுதக் கல்லாமல் வாழ்நாளைக் கழிப்பதும், மற்றொன்று பல்கலைக்கழகப் படியேறுவதும் தலையெழுத்தால் அன்று. தக்க காலத்தில், தக்க உணவை, தடையின்றிப் பெற்றதால் வந்த வேறுபாடு அது. கெடுமுன் காத்தலே இந்நோய்க்குரிய மருத்துவம்.

அந்தக் காவல் குழந்தைப் பருவத்தோடு முடிவதும் அன்று. மூளை வளர்ந்துவிட்டால் கட்டுப்பாடு வேண்டியதில்லை என்று கருதி, முன்னாளில் பள்ளி செல்லும் வயதிலேயே பத்திய உணவை நிறுத்தியவர் பலர். பின்னர் அவர்களிடம் கவனச் சிதைவும், நினைவுத் தளர்ச்சியும், மனச்சோர்வும் காணப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, வாழ்நாள் முழுதும் கட்டுப்பாடு வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அதாவது, எந்த வயதில் மாணவன் கல்லூரியில் நுழைகிறானோ, எந்த வயதில் அவன் மதிப்பெண் அவன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறதோ, அந்த வயதிலும் அவன் உணவுத்தட்டே அவன் அறிவைக் காக்கிறது. அந்தத் தட்டு வெறுமையானால் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

ஒரு நாளின் கணக்கு

சுங்கை சிப்புட்டில் வாழும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவளுக்குக் கடுமையான வகைப் பினைல்கீட்டோனூரியா. அத்தகையோர் பலர் நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்கும் குறைந்த இயற்கைப் புரதத்தையே தாங்க வல்லவர்கள். ஒரு கோழிமுட்டையில் இருப்பதே ஏறத்தாழ ஆறு கிராம். ஆகவே முட்டையும் மீனும் இறைச்சியும் அவளுக்கில்லை. 'சைவம் உண்டால் போயிற்று' என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. பருப்பும் உளுந்தும் கடலையும் பாலும் தயிரும் புரதப் பொருள்களே. தோசையும் இட்டிலியும் சாம்பாரும் எண்ணி அளந்தே உண்ணத்தக்கவை, சோறும் அளவுக்குட்பட்டதே. பள்ளியில் கொடுக்கும் இலவசப் பால் அவளுக்கு நஞ்சு. சிற்றுண்டிச்சாலையின் நாசி லெமாக்கில் நெத்திலியும் நிலக்கடலையும் முட்டையும் காத்திருக்கின்றன. சர்க்கரையில்லாப் பானம் என்று விற்கப்படுவதில் அஸ்பார்டேம் இருப்பின் அதிலும் பினைலலனின் உண்டு.

உடல் வளரப் புரதம் வேண்டுமன்றோ? அதற்கென, பினைலலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவையை நாளும் சில வேளை அவள் பருகியாக வேண்டும். அதன் மணமும் சுவையும் எவரும் விரும்பி ஏற்பன அல்ல. வயிறு நிறையப் புரதம் குறைத்த மாவும் ரொட்டியும் வேண்டும். இவை மூலைக்கடையில் கிடைப்பன அல்ல. கிடைக்குமிடத்தில் மூலைக்கடை விலைக்குக் கிடைப்பனவும் அல்ல. மரபியல் மருத்துவரைக் காணக் கோலாலம்பூர் செல்வதாயின் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம். தந்தைக்கோ தாய்க்கோ அன்றைய கூலியில்லை.

வேறொரு மாணவனுக்குக் கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் முதல் வகை. அவன் கல்லீரல் சேர்த்துவைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கிக் குருதிக்குத் தரும் வலிமை அற்றது. சில மணி நேரம் உண்ணாவிடின் குருதிச் சர்க்கரை சரிந்து மயக்கமும் வலிப்பும் நேரக்கூடும். வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் சர்க்கரை மெல்ல மெல்ல வெளிப்படும் என்று 1984இல் அறிஞர் கண்டறிந்து கூறினர். அந்த எளிய மாவே அவன் உயிர்க்காப்பு. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், அவன் எழுந்து அதைக் குடிக்கவேண்டும். மெட்ரிகுலேசன் கல்லூரி விடுதியில் ஏனையோர் உறங்கும்போது இரண்டு மணிக்கு மணிப்பொறி அடிக்கும். தேர்வு மண்டபத்தில் மூன்றாம் மணி நேரத்தில் அவன் புட்டியைத் திறந்தால் கண்காணிப்பாளர் ஐயத்தோடு நோக்குவார்.

மற்றொருத்திக்குக் காச்சர் நோய். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் படுத்து, குறைந்த நொதியைக் குருதிநாளம் வழி ஏற்றிக்கொள்ளவேண்டும். இரண்டு வாரத்தில் பாட நாள்கள் பத்து. அவற்றுள் ஒன்று போயிற்று. நூற்றுக்குப் பத்து வருகை, அவள் குற்றம் எதுவுமின்றியே, ஆண்டின் முதல் நாளிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. நூற்றுக்கு எண்பது வருகை வேண்டும் என்னும் விதியுள்ள கல்லூரியில் அவளுக்குச் சளிக்காய்ச்சல் காணவும் உரிமை பாதியே.

இம்மூவரும் படிக்கிறார்கள். சிலர் நன்றாகவே படிக்கிறார்கள். மேடையில் ஒன்பது ஏ பெற்றவனுக்கு அருகில் இவர்களின் ஆறு ஏயை நிறுத்திப் பார்த்தால், எது கடினமாக ஈட்டப்பட்டது என்பதைக் கூறப் பெரும் புலமை தேவையில்லை.

இரண்டு கதவுகள்

இத்தகைய மாணவர் உதவி நாடிச் செல்லும்போது இரண்டு கதவுகளைக் காண்கின்றனர். ஒன்று தகுதிக் கதவு. மற்றொன்று உடற்குறைக் கதவு.

தகுதிக் கதவில் மதிப்பெண் கேட்கப்படுகிறது. அதில் தவறில்லை. அதனோடு 'நல்ல உடல்நலம்' என்னும் நிபந்தனையும் வழக்கமாக ஒட்டிக்கொள்கிறது; மருத்துவச் சான்றும் கேட்கப்படுகிறது. உண்மையை எழுதினால் படிவம் ஒதுக்கப்படுமோ என்னும் அச்சம், எழுதாவிடின் பொய்ம்மை. பதினெட்டு வயதுப் பிள்ளையை இந்த இரண்டிடையே நிறுத்துவது அறமாகுமா? சேர்ந்த பின்னரும் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட புள்ளி பெறாவிடின் உதவி நின்றுவிடும். ஒரு காய்ச்சலால் குருதியில் நச்சு ஏறி மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தவனுக்கும், மூன்று வாரம் ஊர்சுற்றியவனுக்கும் அந்த விதி வேறுபாடு காண்பதில்லை.

குடும்ப வருமானம் பார்த்து உதவுவோர் உளர். அவர்களோ வரவைப் பார்க்கின்றனரே அன்றிச் செலவைப் பார்ப்பதில்லை. வரம்புக்கு நூறு வெள்ளி மேலாக ஈட்டும் தந்தை, அதைப்போல் பன்மடங்கைப் பத்திய உணவுக்கும் பயணத்துக்கும் கொட்டிவிட்டு நிற்பது எந்தக் கட்டத்திலும் நிரப்பப்படுவதில்லை.

இனி இரண்டாம் கதவு. மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், நீண்ட காலக் குறைபாடு சமுதாயத் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுக்குமாயின் அவரைக் கருதவேண்டும் என்னும் பரந்த நோக்குடையது. ஆயின் நடைமுறையில் சமூக நலத்துறை நெடுங்காலமாக வகுத்து வந்துள்ள பிரிவுகள் ஏழு: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல் சிரமம், மனநலம், பல்குறை. தன் உணவை ஒழுங்காகக் காத்து, தெளிந்த அறிவோடு நிற்கும் பினைல்கீட்டோனூரியா மாணவி இவற்றுள் எதில் அடங்குவாள்? கண் பார்க்கிறது, காது கேட்கிறது, கால் நடக்கிறது, பாடம் ஏறுகிறது. ஓ.கே.யு. அட்டைக்குரிய அடையாளம் அவளிடம் எளிதில் புலப்படுவதில்லை. அட்டை இல்லையேல் அதைத் தொடர்ந்து வரும் கல்வி உதவியும் இல்லை.

பத்தியம் தவறி, அறிவு மழுங்கி, கற்றல் சிரமம் என்று மருத்துவர் எழுதிவிட்டால் அட்டை கிடைக்கும். எந்தக் கேட்டைத் தடுக்கத் தாயும் மருத்துவரும் பதினெட்டு ஆண்டு பாடுபட்டனரோ, அந்தக் கேடே உதவிக்குரிய சான்றாகிறது! நலத்தைக் காத்தவளுக்குத் தண்டனை, இழந்தவளுக்கு இரக்கம். இழந்தவர்க்கு இரங்குவது கடமை. அதனை எவரும் குறைக்க வேண்டா. ஆயின் இழவாமல் காப்பதற்கு ஒரு காசும் ஒதுக்காத சமுதாயம் இரக்கத்தைப் பற்றி நீட்டி முழக்குவது பொருந்தாது.

மறுப்போர் கூற்று

'இவர்கள் மிகச் சிலர். பலருக்கு ஆகும் பணத்தைச் சிலருக்கு ஏன் ஒதுக்கவேண்டும்?' என்பார் உளர். சிலராய் இருப்பதே ஒதுக்குவதற்குரிய காரணம். ஆயிரம் பேருக்கு உதவ நிதியில்லை என்பது விளங்கும். நாடு முழுதும் தேடினும் ஒரு சங்கத்தின் வாயிலுக்கு ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ வரக்கூடியவர்க்கு நிதியில்லை என்பது விளங்கவில்லை. ஒருவேளை விருந்துக்கு ஆகும் செலவில் அடங்கக்கூடியது அது.

'உபகாரச் சம்பளம் அறிவுக்கு. நோய்க்கு அன்று' என்பார் வேறு சிலர். இது கேட்க அழகாயிருக்கிறது. ஆயின் ஏழ்மைக்கு உதவுகிறார்களே, ஏழ்மை அறிவா? விளக்கில்லா வீட்டில் படித்தவனின் மதிப்பெண்ணை வேறு கண்கொண்டு பார்ப்பது நேர்மை என்றால், நள்ளிரவு இரண்டு மணிக்கு மாவு கரைத்துக் குடித்துவிட்டுப் படித்தவனின் மதிப்பெண்ணையும் அவ்வாறே பார்ப்பதுதான் நேர்மை. அறிவு வானத்திலிருந்து இறங்குவதன்று. அது மூளையில் விளைவது. மூளை உணவால் நிற்பது.

'அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்' என்பது மூன்றாம் கூற்று. அரசாங்கத்தின் கடமையை எவரும் மறுக்கவில்லை. சிங்கப்பூரில் 2006 முதல், பிறந்த குழந்தைகளிடம் பல வளர்சிதை மாற்ற நோய்களை ஒருசேரக் கண்டறியும் விரிவான குருதிச் சோதனை நடைபெற்று வருகிறது. 2019இல் அங்கே அரிய நோய் நிதி ஒன்று தொடங்கப்பட்டது. பொதுமக்கள் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசு மூன்று வெள்ளி சேர்க்கும் என்பது அதன் அமைப்பு. போற்றத்தக்க ஏற்பாடு. ஆயினும் அந்நிதி மருந்துக்கு, பாடசாலைக்கு அன்று. அரசு மூன்று கொடுக்க முன்வந்த இடத்திலும் முதல் ஒன்றை மக்களே கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதையும் நோக்குக. மலேசியாவிலோ, இன்று கல்லூரி வயதில் நிற்கும் மாணவர் பலர் அத்தகைய விரிவான சோதனை எல்லாக் குழந்தைகளையும் எட்டாத காலத்தில் பிறந்தவர்கள். நோய் பிந்திக் கண்டறியப்பட்டு, சிறிது கெட்டு, பின் தேறி, இழந்த ஆண்டுகளை மீட்க ஓடிக்கொண்டிருப்பவர் அவர்களுள் உளர். அவர்களை அரசாங்கத்தின் பெயரைச் சொல்லிக் காத்திருக்கச் செய்வது, வெள்ளம் வந்தபின் அணைக்கு மனுப்போடுவதற்கு ஒப்பாகும்.

'எல்லாம் அவரவர் வினைப்பயன்' என்று கூறிக் கைகழுவுவோர்க்கு விடை கூறுவது வீண். வினைப்பயன் என்று ஃபோலிங் இருந்திருந்தால் அந்நோய்க்கு இன்றும் பெயரில்லை.

தமிழர்க்குரிய தனிக்கடன்

இம்மண்ணின் எல்லா இனத்தாரிடமும் இந்நோய்கள் உண்டு. எனினும் தமிழ்ச் சமுதாயத்துக்குத் தனியான ஒரு கடனும் உண்டு. இந்நோய்களுள் பெரும்பாலானவை, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குறையுள்ள மரபணு இரண்டும் சேரும்போதே தோன்றுபவை. இருவரும் அக்குறையைச் சுமப்போராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவினரிடையே ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. அத்தை மகளும் மாமன் மகனும் தம் மரபணுக்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982இல் நடைமுறைக்கு வந்தபோது, நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுத்தது. ஆயின் இந்துக்களின் வழக்கத்தை மதித்து, தாய்மாமன் தன் உடன்பிறந்தாள் மகளை மணக்கும் உரிமையை மட்டும் விலக்காக விட்டுவைத்தது. ஒரு வழக்கத்தைச் சட்டத்தின் துணையோடு காத்துக்கொண்ட சமுதாயம், அவ்வழக்கத்தால் சில வேளை நேரும் சுமையை ஏற்கவும் முன்வருதல் வேண்டும். இது குற்றச்சாட்டு அன்று. உறவில் மணந்தோர் பெற்ற பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். உறவே இல்லாதோர் பெற்ற பிள்ளைகளுக்கும் இந்நோய்கள் வருகின்றன. எனினும், மணவறையில் 'முறை' பேசிய சுற்றம், பிள்ளையின் பத்தியச் செலவு என்றதும் முறை மறந்து போவது எங்ஙனம்?

பணம் திரட்டத் தெரியாத சமுதாயமும் அன்று இது. 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்குக் குரல் கொடுத்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கென ஏழைத் தொழிலாளரும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழக வாயிலை மிதித்ததில்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, துண்டாடப்பட்டு விலைபோன தோட்டங்களை மீட்கப் பால்வெட்டும் கைகள் தவணை தவணையாகப் பங்குப்பணம் செலுத்தின. அன்று ஒரு வெள்ளி ஒரு வேளை உணவு. இன்று வசதி வளர்ந்திருக்கிறது. கை மட்டும் குறுகுவதற்குக் காரணமில்லை.

உதவி எவ்வாறு அமைதல் வேண்டும்?

தமிழ்ச் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் ஆலயங்களும் தாம் வழங்கும் உபகாரச் சம்பளங்களில் இம்மாணவர்க்கென ஓரிடமேனும் ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்கும்போது சிலவற்றைக் கருதல் வேண்டும்.

முதலாவது, கேட்டுக்குச் சான்று கேட்கலாகாது. வளர்சிதை மாற்ற நோய் உண்டு என்னும் மரபியல் மருத்துவரின் கடிதம் போதும். மாணவன் நலமாயிருப்பது தகுதிக்கு இழுக்கன்று. உதவி பயன் தந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று. 'நல்ல உடல்நலம்' என்னும் வரியைப் படிவத்திலிருந்து அடித்துவிடுதல் முதற்பணி. அதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை. ஒரு பேனா போதும்.

இரண்டாவது, கல்லூரிக் கட்டணத்தோடு நில்லாமல் பத்திய உணவுக்கும் மருத்துவப் பயணத்துக்கும் உதவி நீளவேண்டும். இம்மாணவர்க்கு இவையும் பாடப்புத்தகங்களே.

மூன்றாவது, நோயால் ஒரு பருவம் தவறினால் உதவியை நிறுத்தாமல் காலத்தை நீட்டிக்கவேண்டும். மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டில் முடிப்பது இவர்க்குத் தோல்வியன்று.

நான்காவது, பெண் மாணவியர்பால் தனிக் கருத்து வேண்டும். பினைல்கீட்டோனூரியா உடைய பெண் கருவுறுமுன்னும் கருவுற்ற காலத்தும் குருதியில் பினைலலனினை இறுக்கமாகக் கட்டுப்படுத்தாவிடின், நோயே இல்லாத அவள் குழந்தையின் மூளையும் இதயமும் பழுதுறும். கல்லூரிக் காலத்தில் அவளைப் பத்தியத்தில் நிலைநிறுத்தும் உதவி, பிறவாத ஒரு தலைமுறைக்கும் செய்யும் உதவியாகும்.

ஐந்தாவது, மானத்தைக் காத்தல் வேண்டும். இம்மாணவரை மேடையேற்றி, நோயின் பெயரை ஒலிபெருக்கியில் கூறி, மாதிரிக் காசோலையோடு படமெடுத்து நாளிதழுக்கு அனுப்புவது கொடுமை. வீட்டில் உடன்பிறந்தாள் ஒருத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வங்கிக் கணக்கில் ஓசையின்றிச் சேரும் பணமே இங்கு உயர்ந்தது. கொடுத்தவர் பெயர் விளங்கவேண்டும் என்பதற்காக வாங்கியவர் வாழ்வு விளம்பரமாகலாகாது.

இந்த ஐந்தையும் பார்க்குமிடத்து, 'உபகாரம்' என்னும் சொல்லே உறுத்துகிறது. தாமே விரும்பிச் செய்யும் தயவு என்னும் பொருள் அதில் ஒட்டியிருக்கிறது. பார்வையற்றவனுக்குப் புடையெழுத்து நூல் கொடுப்பதைத் தயவு என்று இன்று எவரும் கூறார். அஃது அவன் கற்பதற்குரிய கருவி. அளந்த உணவும் அவ்வாறே இவர்கள் கற்பதற்குரிய கருவி. பெயர் மாறாவிடினும் போகட்டும். கொடுப்போர் மனப்பான்மை மாறினால் அமையும்.

ஆசிரியர் கையில்

சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றுவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் காத்திருக்க வேண்டுவதில்லை. இத்தகைய மாணவரை வீட்டாருக்கு அடுத்தபடியாக அறியக்கூடியவர் ஆசிரியரே. ஓய்வுவேளையில் எல்லாரும் உண்ணும்போது ஒரு பிள்ளை மட்டும் ஒதுங்கி ஒரு புட்டியைக் குடிப்பதை அவரே காண்கிறார். அடிக்கடி விடுமுறைக் கடிதம் வருவதையும், நேற்றுத் தெளிவாய் இருந்த பிள்ளை இன்று கவனம் சிதறி நிற்பதையும் அவரே காண்கிறார். அதனைச் சோம்பல் என்று எழுதுவதும், காரணம் கேட்டறிவதும் அவர் பேனாவைப் பொறுத்தவை.

காரணம் அறிந்த ஆசிரியர் செய்யக்கூடியன பல. வகுப்பில் பிறந்தநாள் இனிப்பு வழங்குமுன் அந்தப் பிள்ளையின் தாயிடம் ஒரு சொல் கேட்கலாம். தேர்வுக்கு முன்னரே, புட்டியும் மாவும் மண்டபத்துள் கொண்டுசெல்ல எழுத்துவழி இசைவு பெற்றுத் தரலாம். உபகாரச் சம்பளத்துக்குப் பரிந்துரை எழுதும்போது, 'நன்னடத்தை உடையவர்' என்னும் தேய்ந்த தொடரோடு நில்லாமல், அந்த மதிப்பெண் எவ்விலை கொடுத்து ஈட்டப்பட்டது என்பதை நான்கு வரியில் விளக்கலாம். தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்போர் கல்நெஞ்சர் அல்லர். அவர்களுக்குத் தெரிவிப்பார் இல்லை என்பதே பெருங்குறை.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. தட்டில் உள்ளதைப் பகிர்ந்துண்ண மறுக்கும் தோழனைச் செருக்கன் என்று எண்ணுமுன் ஒருகணம் நிதானித்தல் அவர்தம் பங்கு. 'ஒருநாள் உண்டால் என்ன?' என்று வற்புறுத்தாமல் இருத்தல் அதனினும் பெரிய பங்கு. அந்த ஒருநாளின் விலை வற்புறுத்துவோர்க்குத் தெரியாது, உண்பவனுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டும் முடிவுகள் வரும். மண்டபங்கள் களைகட்டும், குத்துவிளக்கு எரியும். அந்த விளக்கு எரிகையில், சுங்கை சிப்புட்டிலோ கூலாயிலோ உட்லண்ட்சிலோ ஒரு வீட்டின் அடுக்களையில், சிறிய தராசு ஒன்றில் ஒரு தாய் சோற்றை நிறுத்துக்கொண்டிருப்பாள். பதினெட்டு ஆண்டுகளாகத் தன் பிள்ளையின் அறிவை அவள் கிராம் கிராமாகக் காத்துத் தந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு இன்று உதவியில்லை என்று சமுதாயம் கூறுமாயின், பின்னொரு நாள் அவன் பெயரில் எடுக்கும் எந்த நிதியும் அவனுக்குப் பயன்படாது. கண் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. கதிரவனை வணங்குவதாயின் இப்போதே வணங்குக.